முனியாண்டி வளைவில் உதைத்த வண்டி

— பாத்தியா துஷி? பஸ்ஸுக்குப் பின்னால நடக்குற வேகத்துக்குக் கொறச்சேன். ஒதைச்சுச்சா? ஒரு சின்ன ஆட்டம்கூட இல்ல.

— என்னங்க, எங்கக்காவக் காணோம்னு போயிக்கிட்டிருக்கோம்.

— தெரியும். அதுக்காக வண்டியப் பத்தி வாயே தொறக்கக் கூடாதா? பேசாம வந்தா எனக்கு ஓட்ட வராது.

— அப்ப பேசுங்க. ஆனா சுருக்கா போங்க.

— ஸ்பிரிங்வெளி ரோட்டுல சுருக்கான்னா எப்புடிப் போறது? முன்னுக்குப் பாரு, பஸ்ஸோட பின் லைட்டு மட்டும்தான் தெரியுது. பதுளையில வெயிலு, இங்க இப்புடி.

— இப்புடித்தான் புதன்கிழமையும் இருந்துச்சாம். அக்கா லயத்து யசோதினி சொன்னா. மூணு மணிக்கே மல மூடிருச்சாம்.

— ஆமா. நான்தான் வந்தேனே அன்னைக்கு. சரியான பனி.

— வந்தீங்க. கணக்கப்புள்ள வீட்டுக்குப் பெயின்ட்டு குடுக்க வந்தீங்க. அக்கா வீட்டுக்குப் போகல.

— மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?

— அக்கா இருக்குற லயத்து வீட்டுக்கும் கணக்கப்புள்ள வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? ஒரு எட்டு எறங்கிப் பாத்திருந்தா, அவ டீ ஊத்தியிருப்பா. நீங்க குடிச்சிக்கிட்டிருக்கையில அவ கூடவே இருந்திருப்பா. காணாமப் போயிருக்க மாட்டா.

— லயத்துப் பாதையில கல்லு கெடக்கு. புது வண்டி, அடியில இடிச்சுரும்.

— ரோட்டுல நிப்பாட்டிட்டு நடக்கலாம்ல.

— கேளு துஷி, மதினி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பதுளையில கட போட்டிருக்கவன் லயத்துக்குப் போறான்னு நான் எப்பவாவது வெக்கப்பட்டிருக்கேனா?

— நான் வெக்கம்னு சொல்லவே இல்லையே.

— சரி விடு. பஸ்ஸ முந்தப் போறேன், ஜன்னல ஏத்து.

— பைய முந்துங்க.

— பாத்தியா, எப்புடி ஏறுது? நம்ம பழைய லொறியா இருந்தா இந்நேரம் மூணு தடவ கியர் மாத்தியிருக்கணும். இது ஓட்டோ கியர். அது பாட்டுக்குக் கூட்டும், அது பாட்டுக்குக் கொறைக்கும். கொறைக்கிறதுலதான் பிரச்சினையே இருந்துச்சு. வேகமா ஓடுனா தேன் மாதிரிப் போகும். மெதுவாக்குனா, நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, பின்னால இருந்து ஒருத்தன் தள்ளுன மாதிரி டொக்குனு ஒரு ஒதை.

— ஒன்றர மாசமா இதையேதான் சொல்றீங்க. சாப்புடும்போது சொல்றீங்க, தூங்கும்போது சொல்றீங்க.

— பெரிய காசு குடுத்து எடுத்த வண்டி ஒதைச்சா வேற எதச் சொல்றது? கொழும்புல வித்தவனக் கேட்டா, புது வண்டி அப்புடித்தான் சேர், ஓட ஓடப் பழகிரும்ங்கிறான். கழுதையா பழகுறதுக்கு?

— இப்பதான் ஒதைக்கலைன்னீங்க.

— அதான் சொல்ல வர்றேன். ஏன் ஒதைக்கல, சொல்லு பாப்போம்.

— எனக்குத் தெரியாது.

— நேத்துக் காலையில கோயிலுக்குக் கொண்டு போய் பூச போட்டேனே, அதான். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி நசுக்குனேன். அதுலேருந்து கோழிக்குஞ்சு மாதிரி போகுது.

— ஓ, அதான் முன்னுக்கு எண்ணெயா?

— எந்த எண்ணெ?

— ஏறும்போது பாத்தேன். முன் பம்பர்ல எடது பக்கம் எண்ணெ வழிஞ்ச மாதிரி இருந்துச்சு. கைவச்சேன், பிசுபிசுன்னு ஒட்டுச்சு. என் பைக்கட்டுல கூட பட்டுருச்சு.

— ஐயர் ஏதாவது பூசியிருப்பாரு.

— வண்டிக்கு எண்ணெ பூசுவாங்களா?

— எனக்கென்ன தெரியும்? சந்தனம் வச்சாரு, குங்குமம் வச்சாரு. எண்ணெ… பூச நடக்கையில நான் கண்ண மூடிக்கிட்டிருந்தேன்.

— நீங்க எங்கதான் கண்ண மூடல? வண்டி ஓட்டும்போதே மூடுற ஆளு. இன்னைக்கு முனியாண்டி கோயில் வளைவுல கண்ணத் தொறந்துக்கிட்டுக் கும்புடுங்க, சொல்லிட்டேன்.

— ஒரு செகண்டுதான் மூடுவேன்.

— கையையும் எடுக்குறீங்க.

— கையெடுக்காம எப்புடிக் கும்புடுறது? லொறி ஓட்டுன காலத்துல ஒரு கையி கியர்ல, ஒரு கையி ஸ்டேரிங்ல. தலைய மட்டும் ஆட்டிட்டுப் போவேன். முனியாண்டிக்கே தெரியும், பாவம், டிரைவருனு விட்டுருவாரு. இப்ப கியரும் இல்ல, கிளச்சும் இல்ல. சும்மா இருக்க கையால சாமியக் கும்புட்டா என்ன?

— தொலஞ்சு போங்க.

— இந்த ரோட்டுல வர்ற எல்லா வண்டியும் அங்க மெதுவாக்கித்தானே போகுது? பஸ்காரன், ட்ராக்டர்காரன், ஒருத்தன் விடுறானா? நானும் மெதுவாக்குவேன். மெதுவாக்குனா உடனே ஒரு ஒதை. ஒவ்வொரு தடவையும் அங்க ஒதைக்கும். அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு, இது மெஷின் வேல இல்லைன்னு.

— மெதுவாக்குனா ஒதைக்கும்னு நீங்களேதானே சொன்னீங்க? அங்க மெதுவாக்குறீங்க, அங்க ஒதைக்குது. இதுல முனியாண்டி எங்க வந்தாரு?

— உங்கக்காதான் சொன்னாங்க. தம்பி, புது வண்டி எடுத்திருக்கீங்க, கொண்டாந்து முனியாண்டிக்குக் காட்டி ஒரு தேங்கா ஒடைங்கன்னு. நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தேன். அதான் அவருக்குக் கோவம்.

— அக்கா எல்லாத்துக்கும் அப்புடித்தான். புது சட்ட எடுத்தாக்கூட முனியாண்டிக்குக் காட்டணும்பா.

— புதன்கிழம நடந்ததக் கேளு, அப்பத் தெரியும். தோட்டத்துக்கு ஏறும்போது ஒரு எடத்துலகூட ஒதைக்கல. பாலத்துல மெதுவாக்குனேன், பள்ளிக்கூடத்துகிட்ட நிப்பாட்டியே எடுத்தேன். ஒண்ணும் இல்ல. சரி, வண்டி பழகிருச்சு போலன்னு சந்தோசப்பட்டேன். எறங்கும்போது முனியாண்டி வளைவுல மெதுவாக்குனேன் பாரு, வாங்குனதுலேருந்து அப்புடி ஒரு ஒதை ஒதைச்சதே இல்ல. டொக்குனு சத்தமே கேட்டுச்சு. பெல்ட்டு நெஞ்ச அமுக்கிருச்சு.

— நிப்பாட்டிப் பாத்தீங்களா?

— எங்க நிப்பாட்டுறது? பயந்துட்டேன் துஷி. அப்புறம்…

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்ல. அன்னைக்கு அங்க ஒண்ணு பாத்தேன். விடு. சொன்னா சிரிப்ப.

— சிரிக்கிற நெலமையிலயா நான் இருக்கேன்?

— அப்புறமா சொல்றேன். அதப் பாத்துட்டுத்தான் விடிஞ்சதும் முத வேலையா பூச போட்டேன்.

— நீங்க எலுமிச்சம்பழம் நசுக்கிக்கிட்டிருந்த நேரத்துல எங்கக்கா காலைப் பெரட்டுக்கு வரலைன்னு கங்காணி பேரக் கூப்புட்டுக்கிட்டிருந்திருக்காரு. காச்சல்னு நெனச்சிட்டாங்களாம். ஒருத்தரும் அவ காம்பராக் கதவத் தட்டிப் பாக்கல. சாயங்காலம் அவ ஏத்துற கோயில் வெளக்கு இல்லைன்னதும்தான் யசோதினி போய்ப் பாத்திருக்கா. வெளிய பூட்டுப் போட்டிருக்கு.

— புதன்கிழம ராத்திரி மழ வேற.

— சொல்லாதீங்க.

— சரி, சொல்லல.

— சிறுத்தப் புலி கிலி வந்திருக்குமோ?

— புலியெல்லாம் ஆளத் தூக்காது. நாய் புடிக்கத்தான் லயத்துப் பக்கம் வரும். மதினி எங்கயாவது வழுக்கி விழுந்து கால ஒடைச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. பாரு, நாம போறதுக்குள்ள கண்டுபுடிச்சிருவாங்க.

— எத்தன பேரு தேடுறாங்க தெரியுமா? லயத்துல பாதிப் பேரு வேலைக்குப் போகலையாம். மேல் மலையில ஒவ்வொரு தண்ணிக் கானா எறங்கிப் பாக்குறாங்க. ஆத்தோரம் பாக்குறாங்க.

— நான் சொன்னதால அவங்களுக்கு வேல சுலபமாச்சு. இல்லாட்டி எங்கன்னு தேடுவாங்க?

— என்ன சொன்னீங்க நீங்க? நேத்து ராத்திரி யசோதினி பேசும்போது நான் அழுதுக்கிட்டிருந்தேன், சரியாக் காதுல விழல.

— உள்ளதச் சொன்னேன். புதன்கிழம வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கோயிலத் தாண்டுனேன். வெளக்கு எரியல. ஆளும் இல்ல. அப்ப மதினி கோயிலுக்கே வந்து சேரலைன்னுதானே அர்த்தம்? தேயிலக் கொழுந்து நிறுத்துட்டு மலையிலேருந்து வர்ற வழியிலதான் ஏதோ ஆயிருக்கணும்.

— அதக் கேட்டுத்தான் எல்லாரும் மேல போயிருக்காங்களா?

— வேற எங்க போறது?

— வெளக்கு எரியலைன்னு நல்லாப் பாத்தீங்களா? பனியில மறைச்சிருக்கலாம்ல.

— கோயில் பக்கத்துலதானே போறேன். கண்ணத் தொறந்து பாத்தேன், கருங்கும்முன்னு இருந்துச்சு. சாமி மொகமே தெரியல.

— எங்கம்மா செத்ததுலேருந்து அந்தக் கோயில்ல வெளக்கு ஒரு நாள் நின்னதில்ல. அக்காவுக்குச் சிக்குன்குனியா வந்து கை காலு வீங்கிக் கெடந்தப்பக் கூட, ஒருத்தியப் புடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டிப் போயி ஏத்திட்டு வந்தா. அவ வராம இருந்தாள்னா…

— அழாத. அழுதா எனக்கு ஓட்ட முடியாது.

— அழல. போன் அடிக்குது. யசோதினிதான். இருங்க. ஹலோ? சொல்லு யசோ. வந்துக்கிட்டிருக்கோம், பாலம் தாண்டிட்டோம். கெடச்சிச்சா? என்னது? சத்தமாப் பேசு, விட்டு விட்டுக் கேக்குது. எங்க? பஸ் ஹோல்ட்லயா? ரெண்டும் இருந்துச்சா? யாரு பாத்தா? தொடாதீங்க, அப்புடியே இருக்கட்டும். இல்ல, இல்ல, நான் வந்து பாக்குறேன். யசோ? ஹலோ? கட் ஆயிருச்சு.

— என்னவாம்?

— முனியாண்டி வளைவுல, கோயிலுக்கு எதுத்தாப்புல பஸ் ஹோல்ட்டுக் கொட்டக இருக்குல்ல. அதோட பெஞ்சுக்கு அடியில அக்காவோட எண்ணெப் போத்தலும் நெருப்புப் பெட்டியும் இருக்காம். இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன புள்ளைங்க பாத்திருக்குங்க.

— பழசா இருக்கும்.

— இல்லங்க. அவ எண்ணெப் போத்தல அங்க விட்டுட்டு வரவே மாட்டா. ஏத்தி முடிச்சதும் திரும்ப ஹோல்ட்டுக்கு வந்து எடுத்துக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவா. அப்ப புதன்கிழம அவ கோயில் வரைக்கும் வந்திருக்கா.

— நான் பாக்கலையே.

— பனியில நீங்க எதப் பாத்தீங்களோ. அவ வந்திருக்கா. மேல் மலையில ஒண்ணும் ஆகல. கோயில்கிட்டதான் என்னமோ ஆயிருக்கு. யாரோ வந்திருக்கானுங்க. அவ காதுல கெடந்த தோட்டுக்காக எவனாவது…

— கண்டதையும் நெனைக்காத. கோயில்ல ஏத்துற வெளக்குக்கு நெருப்புப் பெட்டி எதுக்கு ஹோல்ட்ல கெடக்கணும்? அதச் சொல்லு மொதல்ல.

— உங்களுக்குத் தெரியாதா? ஆமா, நீங்க எங்க எறங்கிப் பாத்தீங்க. அந்த வளைவுல காத்து சுத்தி அடிக்கும். கோயில் பள்ளத்துப் பக்கம், மறைப்பே இல்ல. அங்க நின்னு ஒரு பெட்டி கிழிச்சாலும் ஏத்த முடியாது. அதனால எதுத்த பக்கம் ஹோல்ட்டுக்குள்ள ஒக்காந்துதான் ஏத்துறது. திரி நல்லாப் புடிச்சதும், அகல் வெளக்க ஒரு கையில வச்சு, மறு கையால மறைச்சுக்கிட்டு, ரோட்டக் கடந்து கொண்டு போய் சாமி முன்னுக்கு வைக்கிறது. எங்கம்மா அப்புடித்தான் செஞ்சாங்க. அக்காவும் அப்புடித்தான். வெளக்கப் பாத்துக்கிட்டேதான் நடப்பா. வழியில அணைஞ்சா குத்தம்பா. சின்னப் புள்ளையில நான் முன்னுக்கு ஓடுவேன், வண்டி வருதான்னு பாக்க. இப்ப யாரு பாக்குறா? அவ ஒண்டிதானே. ஏங்க? ஏன் பேச மாட்டேங்கிறீங்க? இவ்வளவு நேரம் வாய் மூடாம வந்தீங்க.

— பனி கூடிருச்சு. ரோட்டப் பாத்து ஓட்டுறேன்.

— ஏன் இவ்வளவு மெதுவாப் போறீங்க? ஆளு நடக்குறாங்க நம்மள விட வேகமா.

— வளைவு வருது.

— அதுக்கு இன்னும் நாலு வளைவு இருக்கு. உங்களுக்கு வேர்க்குதா? இந்தக் குளுருலயா?

— ஏசி.

— ஏசியே போடலையே. என்னங்க செய்யுது? நெஞ்சு வலிக்குதா? நிப்பாட்டுங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.

— ஒண்ணும் இல்லைங்கிறேன்ல! சும்மா வா.

— எதுக்கு இப்ப கத்துறீங்க? காணாமப் போனது எங்கக்கா. நான்தான் கத்தணும்.

— கத்தல. துஷி, நாம ஒண்ணு செய்வோமா? திரும்பிப் போயிட்டு, போலீஸ்ல ஒருக்கா சொல்லிட்டு…

— போலீஸ் காலையிலயே வந்துட்டுப் போயிருச்சு. பதுளைக்குத் திரும்புறதா? பைத்தியமா உங்களுக்கு?

— இல்ல, மறுபடி போன் அடிக்குது.

— இது உங்களுக்கு. கார்லயே பேரு வருது. ஸாஹிர் நானா. வண்டி பாக்குற ஆளுதானே?

— விடு. அப்புறமாப் பேசிக்கிறேன்.

— நேத்து பூரா அவருக்குப் போன் போட்டுக் கெடைக்கலைன்னு திட்டிக்கிட்டே இருந்தீங்க. இப்ப அவரே எடுக்குறாரு, விடுங்கிறீங்க. தேடுறதுக்கு அவரு ஜீப்பக் கேக்கலாம்ல. நான் அமுத்துறேன்.

— துஷி, வேணாம்…

— அஸ்ஸலா… சே, மொதலாளியா? வணக்கம் மொதலாளி! ஸாஹிர் பேசுறேன். வல்லாஹி, கோவப்படாதீங்க. பண்டாரவளையில மச்சானுக்குக் கலியாணம், புதன்கிழம வெள்ளனப் போனவன் இப்பதான் கராஜத் தொறக்குறேன். போன் பாத்தா உங்க கோல்தான் வரிசையா நிக்கிது. வண்டி எப்படி?

— நானா, நான் அப்புறமா எடுக்கிறேன்.

— ஸாஹிர் நானா, நான் துஷ்யந்தி பேசுறேன். எங்கக்கா சந்திரகாந்தியக் காணோம். புதன்கிழமையிலேருந்து. நாங்க தோட்டத்துக்குப் போயிக்கிட்டிருக்கோம்.

— யா அல்லாஹ்! அந்த வெளக்கு ஏத்துற அக்காவா? எனக்குத் தெரியுமே. ஒரு தடவ நான் அந்தப் பக்கம் வண்டி பாக்கப் போனப்ப கூப்பிட்டு வெறுந்தேத்தண்ணி ஊத்தித் தந்தாங்க. என்னம்மா, எப்படியாம்?

— தெரியல நானா. உங்க ஜீப்பு கெடைக்குமா? பொடியன்க ரெண்டு பேரோட அனுப்ப முடியுமா?

— கேக்கணுமா? இப்பவே நானே எடுத்துக்கிட்டு வாறேன். ஜும்மாவுக்கு அங்கயே எங்கயாவது போய்க்கிறேன். நீங்க தைரியமா இருங்க தங்கச்சி. மொதலாளி, நீங்க மெதுவாப் போங்க, சரியான பனின்னு சொல்றாங்க. வண்டியப் பத்தி யோசிக்க வேணாம், அது இனி ஒதைக்காது.

— ஆமா நானா. பூச போட்டதுலேருந்து ஒதைக்கலைன்னு இவருகூட சொன்னாரு.

— என்ன பூசை?

— நேத்து. வியாழக்கிழம. எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனாங்க.

— நல்லது, நல்லது, அதையும் செஞ்சா தப்பில்ல. ஆனா எனக்கும் கொஞ்சம் பேர் தாங்க மொதலாளி. செவ்வாக்கெழம கழுவி ஒயில் பாக்கன்னு விட்டுட்டுப் போனீங்களே, அன்னைக்கே சரி பண்ணிட்டேன். கொழும்புல இருந்து கியர் பெட்டிக்குப் புது ப்ரோக்ராம் அனுப்பியிருந்தாங்க. லெப்டொப்ப மாட்டி ஏத்திட்டேன். அந்திக்கு உங்க ஆளு வண்டிய எடுக்க வரும்போது நான் கலியாண வேலையா ஓடிட்டேன், சொல்ல மறந்துட்டேன். என் பிழைதான்.

— செவ்வாக்கிழமையா?

— செவ்வாதான் தங்கச்சி. ஏத்திட்டு நானே பசறை ரோட்டுல ஒரு சுத்து ஓடிப் பாத்தேன். மேட்டுல, பள்ளத்துல, ட்ராபிக்ல, நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தேன். மடியில தேத்தண்ணிக் கோப்பைய வச்சாலும் சிந்தாது. புதன்கெழமையே உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்குமே மொதலாளி? மொதலாளி? கேக்குதா?

— கேக்குது நானா. ஏறும்போது ஒதைக்கலைன்னு சொன்னாரு.

— ஏறும்போதும் ஒதைக்காது, எறங்கும்போதும் ஒதைக்காது. அதுக்கு நான் பொறுப்பு. ஒரு ஆட்டம் ஆடுச்சுன்னா என் கராஜ மூடிடுறேன். சரி, நான் ஜீப்ப எடுக்கிறேன். கோயில் வளைவுல வந்து நிக்கவா, லயத்துக்கே வரவா?

— வளைவுக்கு வாங்க நானா. கயிறு இருந்தா கொண்டாங்க.

— கயிறா? சரி. ஆண்டவன் காப்பாத்துவான். வைக்கிறேன்.

— துஷி, கயிறு எதுக்கு?

— நீங்க சொல்லுங்க.

— ஸாஹிர் சும்மா பீத்துறான். ப்ரோக்ராம் ஏத்துனா மட்டும் எல்லாம் சரியாயிருமா?

— பாலத்துல ஒதைக்கல. பள்ளிக்கூடத்துகிட்ட ஒதைக்கல. இன்னைக்கு இவ்வளவு தூரம் ஒதைக்கல. வண்டி செவ்வாக்கிழமையே சரியாயிருச்சு.

— இல்லாட்டி முனியாண்டி…

— முனியாண்டிய இழுக்காதீங்க. புதன்கிழம சாயங்காலம் ஒதைச்சது என்னங்க?

— வளைவு வந்துருச்சு.

— நிப்பாட்டுங்க. கோயில்கிட்ட நிப்பாட்டுங்க.

— நிப்பாட்டிட்டேன்.

— பாத்தீங்களா? ஒதைக்கல.

— ஒதைக்கல.

— கையக் காட்டுங்க. இந்தாங்க, மோந்து பாருங்க. என் பைக்கட்டுல பட்ட எண்ணெ. தேங்காயெண்ணெ. ஐயர் பூசுனதா?

— ஐயர் எண்ணெ பூசல.

— எடது பக்கம். கீழ எறங்கும்போது உங்களுக்கு எடது பக்கம் எது? பள்ளம். அங்க மானாப்புல்லு ஆளு உயரத்துக்கு நிக்கிது. மேல் மலையப் பூரா தேடிட்டாங்க, ஆத்தத் தேடிட்டாங்க. இந்தப் புல்லுக்குள்ள ஒருத்தரும் எறங்கல. ஏன் எறங்கல? அவ கோயிலுக்கே வரலைன்னு நீங்க சொன்னீங்க. எம் புருசன் சொன்னா பொய் இருக்காதுன்னு நம்பிட்டாங்க.

— நான் பொய் சொல்லல துஷி. சாமி சத்தியமா பொய் சொல்லல. பாத்தப்ப வெளக்கு எரியல.

— கண்ணத் தொறந்தப்ப எரியல. மூடுறதுக்கு முன்னாடி? அன்னைக்கு இங்க ஏதோ பாத்தேன்னீங்க. சொன்னா சிரிப்பன்னீங்க. சொல்லுங்க. கதவத் தொறந்துட்டேன், எறங்கப் போறேன். நான் எறங்குறதுக்கு முன்னாடி சொல்லிருங்க.

— முனியாண்டிதான் நடந்து போறாருன்னு நெனச்சேன் துஷி. கும்புட்டுக் கண்ண மூடுறப்ப, நடு ரோட்டுல ஒரு சின்ன வெளிச்சம் கோயிலப் பாத்துப் போய்க்கிட்டிருந்துச்சு. தொறந்தப்ப அணைஞ்சு போச்சு.